கிராமபோன் வேண்டாம், முறம் போதும்: மறதி நோய் வந்தவருக்கு வீட்டிலேயே பழைய காலத்தை அமைப்பது எப்படி

காரைக்குடி வரை போய், பழம்பொருள் கடையில் பேரம் பேசி, பித்தளைக் குழல் வைத்த கிராமபோன் ஒன்றை வாங்கிவந்தோம். அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, மறதி நோய் என்று உறுதியாகி அப்போது எட்டு மாதம். பழைய சாமான்களைச் சுற்றி வைத்தால் அமைதியாக இருப்பார்கள் என்று எங்கேயோ படித்ததை நம்பி, ஹாலின் மூலையில் கிராமபோன், அரிக்கேன் விளக்கு, கறுப்பு வெள்ளை சினிமா போஸ்டர் என்று அடுக்கினோம். ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஜோராக இருந்தது. அத்தை வந்து ஒரு சுற்று பார்த்தார். "யார் வீட்டுச் சாமான் இது? பத்திரமா எடுத்து வைங்க, கேட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அவர் பிறந்த வீட்டிலும் கிராமபோன் கிடையாது, கல்யாணமாகி வந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலும் கிடையாது. அது எங்கள் ஏக்கத்துக்கு வாங்கிய பொருள்.

இரண்டு வாரம் கழித்துப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மூங்கில் முறம் கிடைத்தது. துடைப்பதற்காகக் கீழே வைத்தேன். அத்தை அதை எடுத்தார், சுவரோரம் உட்கார்ந்தார், காலை நீட்டினார், வெறும் முறத்தையே புடைக்க ஆரம்பித்தார். ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். நாற்பது நிமிஷம். அன்று சாயங்காலம் ஒரு தடவைகூட வாசல் கதவைப் பிடித்து இழுக்கவில்லை.

இப்போதுதான் இந்த வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்காக, மூன்று வருஷம் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

எதை எதிர்பார்க்கலாம்

இது மருந்து அல்ல. நோய் நிற்காது, குறையாது. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமரில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி முதலில் அடிபடுகிறது. இளவயது நினைவுகளும், கை பழகிய வேலைகளும் அதைவிட வெகுநாள் தாக்குப்பிடிக்கின்றன. காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று தெரியாதவர் பூ கட்டுவதில் ஒரு முடிச்சுகூடத் தவறாமல் கட்டுவது அதனால்தான். மிச்சமிருக்கும் அந்தப் பகுதியோடு பேசுவதுதான் பழைய சூழலின் வேலை.

முதியவர்கள் பழையதைப் பேசுவது வெறும் புலம்பல் அல்ல, வாழ்க்கையைத் திரும்பப் பார்க்கும் இயல்பான செயல் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். பழைய நினைவுகளைப் பேசவைக்கும் நினைவூட்டல் சிகிச்சை வளர்ந்தது அதற்குப் பிறகுதான். பலன் எவ்வளவு? 22 ஆய்வுகளை, அவற்றில் இருந்த 1,972 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு. 2018ஆம் ஆண்டின் அந்த மதிப்பாய்வு, நன்மை உண்டு, ஆனால் சிறியது, இடத்துக்கு இடம் செய்யும் விதத்துக்கு ஏற்ப மாறுகிறது என்றது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரம் பதற்றம் குறைந்தால் பராமரிப்பவருக்கு அது பெரிய விஷயம்.

மூலை அமைப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவையெல்லாம் மறதி நோய் மாதிரியே தோற்றம் காட்டும், சரிசெய்யவும் முடியும். நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை முறத்தால் சரிசெய்ய முடியாது.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்

அமெரிக்காவில் சான் டியாகோவுக்குப் பக்கத்தில் சூலா விஸ்டாவில் 2018இல் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் திறந்தார்கள். பெரிய கட்டடத்துக்குள் 1950களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றையே கட்டியிருக்கிறார்கள்: சாப்பாட்டுக் கடை, சினிமா, அந்தக் காலத்துக் கார். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஒரு முதியோர் இல்லம் பழைய கிழக்கு ஜெர்மனிக் காலத்துச் சாமான்களால் அறை அமைத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு; அவர்களின் இளமை அந்த டப்பாக்களோடும் அந்த ரேடியோவோடும்தான் கழிந்தது. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்து திறந்தவெளி அருங்காட்சியகம் 1950களின் வீடு ஒன்றை மறதி நோயாளிகளுக்காகவே வைத்திருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு அந்தக் கால முறையில் காபி போட்டுக் கொடுப்பார்கள்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது நெதர்லாந்தின் ஹோகவேக், மறதி நோயாளிகளுக்காகவே கட்டிய குடியிருப்பு. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறந்தது. ஏறக்குறைய 150 பேர், தொடக்கத்தில் 23 வீடுகள், வீட்டுக்கு ஆறேழு பேர். அங்கே பழைய காலத்தை யாரும் செட் போடவில்லை. அவரவர் வாழ்ந்த விதத்துக்கு ஏற்ற வீட்டில் சேர்க்கிறார்கள். இந்தோனேசியத் தொடர்புள்ள குடும்பங்களுக்கு அந்தச் சாப்பாட்டோடு தனி வீடே இருந்தது. கடைக்குப் போகலாம், சமையலுக்குக் கை கொடுக்கலாம். பொருளைவிட அன்றாட வேலைதான் முக்கியம் என்பதை நாங்கள் முறத்தில் கற்றோம். அவர்கள் ஊர் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள்.

முதல் வேலை: கணக்குப் போடுங்கள்

ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. பிறந்த வருஷத்தோடு பத்தைக் கூட்டுங்கள், முப்பதைக் கூட்டுங்கள். அத்தை பிறந்தது 1942. ஆக 1952 முதல் 1972 வரை. (பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம், அந்தத் தலைமுறைக்குப் பாதிப் பேருக்கு அது வாத்தியார் வைத்த தேதி.)

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்று காசில் தெரிந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது அத்தைக்குப் பதினைந்து வயது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. இப்போது பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பழைய ஓரணாக் காசை, ஓரம் அலைஅலையாக வெட்டியிருக்குமே அதை, கொடுத்தால் முந்தானையில் முடிந்துகொள்கிறார். அவரைவிடப் பத்து வயது இளையவருக்கு அதே ஓரணா வெறும் தகடுதான்.

அடுத்து, விசாரியுங்கள். பிள்ளைகளைக் கேட்டுப் பயனில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த அம்மா முப்பது வயதுக்குப் பிந்தைய அம்மா. உயிரோடிருக்கும் தங்கை, தம்பி, நாத்தனார், பக்கத்து வீட்டுத் தோழி இவர்களைப் பிடியுங்கள். போனில் ஒரு மணி நேரம் போதும். கேட்க வேண்டியவை: காலையில் எழுந்ததும் முதல் வேலை எது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, விறகடுப்பா கரிக்குமுட்டியா, வீட்டில் மாடு இருந்ததா, அதன் பெயர் என்ன, சாயங்காலம் என்ன சத்தம் கேட்கும், எதற்குப் பயப்படுவார். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பார்த்துக்கொள்ள வருகிற அக்காவுக்கும் அது உதவும்.

இடம்

ஒரு மூலை போதும். வீட்டையே மாற்றாதீர்கள், குறிப்பாகப் பாத்ரூமையும் படுக்கையையும் தொட வேண்டாம். பழகிய வழி குழம்பினால் இரவில் விழுவார்கள். வெளிச்சம் நன்றாக விழும் இடமாக, அடுப்படிச் சத்தம் லேசாகக் கேட்கும் இடமாகப் பாருங்கள். தரையில் கறுப்பு மிதியடி போட்டால் பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள். கண்ணாடி வேண்டாம். இருபது வயதில் இருக்கிற மனசுக்குக் கண்ணாடியில் தெரியும் கிழவி யாரோ அந்நியர். எங்கள் வீட்டில் "அந்தம்மாவுக்குச் சாப்பாடு போட்டீங்களா" என்று கேட்கிற அளவோடு நின்றது, சிலர் பயந்து அலறுவதும் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸும் வேண்டாம். பூட்டி வைத்த பொருள் பார்க்கிறவருக்கு, இது தொடுவதற்கு.

பொருள்கள்: வாசனை, கை, காது, கண்

எங்கள் அனுபவத்தில் முன்னே நிற்பது வாசனை. சீயக்காய், சாம்பிராணி, வசம்பு, புது நெல், காபிக்கொட்டை வறுக்கும் வாசம். சின்னச் சின்னத் துணிப்பையில் கட்டி வைத்தால் அவர்களே எடுத்து முகர்வார்கள். இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது கைக்கு வேலை. முறம், பூத்தொடுக்க வாழைநார், மடிக்க வேஷ்டி துண்டுகள், சுற்ற நூல்கண்டு, உரிக்க மொச்சை. ஆண்களுக்கு அவரவர் தொழிலைப் பாருங்கள்: கணக்குப்பிள்ளைக்குப் பேரேடு, தையல்காரருக்கு இன்ச் டேப்பும் துணி வெட்டுகளும், ஃபிட்டருக்குப் பெரிய நட்டு போல்ட்டு. வேலை முடிந்ததும் "முடிச்சிட்டீங்களா, நல்லா இருக்கு" என்று வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கண் எதிரே மறுபடி கலைத்துக் கொட்டாதீர்கள். அவ்வளவு அவமானம் அவர்களுக்கும் புரியும். நான் ஒருமுறை செய்தேன். இரண்டு நாள் முறத்தைத் தொடவில்லை.

பழைய பொருளில் ஒளிந்திருக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். பல்லாங்குழியில் குன்றிமணி போட்டு ஆடுவது வழக்கம். குன்றிமணி மென்றால் கொடிய விஷம், எதையும் வாயில் போடும் கட்டத்தில் இருப்பவர் கைக்கு அது போகவே கூடாது. பெரிய சோழி வாங்குங்கள், பக்கத்தில் இருங்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுக்குமுன் அந்துருண்டைகளைப் பொறுக்கிவிடுங்கள். கற்கண்டு என்று நினைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மோரோ புளித்தண்ணீரோ ஊற்றிக் கொடுக்காதீர்கள். அரிவாள்மணை, மண்ணெண்ணெய் விளக்கு, சாணை பிடித்த பாக்குவெட்டி மூன்றும் வேண்டாம். பழைய வால்வு ரேடியோ கிடைத்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மரப்பெட்டியை மட்டும் வைத்து, அதற்குள் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒளித்துவையுங்கள். கரண்டு ஷாக் பயம் இல்லை, பாட்டும் பெட்டியிலிருந்து வருகிறமாதிரியே இருக்கும்.

பாட்டை நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். அரை மணி நேரம், அப்புறம் நிறுத்தம். செய்தி, விவாத நிகழ்ச்சி, கத்தும் சீரியல் எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. காது மிஷினும் மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பாதி நாள் "இவருக்கு எதிலும் ஆர்வமில்லை" என்று நாம் சொல்வது மிஷினில் பேட்டரி தீர்ந்ததால்தான்.

போட்டோவில் ஒரு விஷயம். ஐம்பது பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோ வேண்டாம். ஒருவர், அதிகம் போனால் இருவர். பிள்ளைகளின் இப்போதைய படத்தைவிடச் சிறுவயதுப் படத்தை வையுங்கள். என் கணவரை எதிரில் வைத்துக்கொண்டே "என் பிள்ளை ஸ்கூல் விட்டு இன்னும் வரலை" என்பார் அத்தை. அரை நிஜார் போட்ட படத்தைக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். முதல் தடவை அதைக் கேட்டு என் கணவர் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். பழகிக்கொள்ள நாளாயிற்று.

பேச்சு

"இது யாரு தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்" வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் இந்தப் பரீட்சையை வைக்கிறார்கள். வாசலிலேயே சொல்லித் தடுத்துவிடுங்கள். தப்பான விடையே இல்லாத கேள்வியாகக் கேட்பதுதான் நல்லது. "இந்தப் புடவை என்ன கலர் அத்தை, மாம்பழமா?" என்றால் அவர் எதைச் சொன்னாலும் சரி. "இல்லடி, இது கத்தரிப்பூ. சாரங்கபாணி கோயில் தெருவுல எடுத்தது" என்று தொடங்கி, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு சித்தப்பாவின் கதை வந்தது ஒருநாள்.

சில நாள் நான் மருமகள் இல்லை, அவருடைய அண்ணி. "அண்ணி, அம்மா எங்கே?" என்பார். அவர் அம்மா இறந்து ஐம்பது வருஷம். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது இன்றைக்குக் கேட்ட சாவுச் செய்தி. மறந்து மறுபடி கேட்பார், மறுபடி அழுவார். அதற்காக "கடைக்குப் போயிருக்காங்க" என்று கதை கட்டவும் எனக்கு மனம் வரவில்லை. கட்டினால் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருப்பார். "அம்மாவைத் தேடுதா? அவங்க வைக்கிற ரசம் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் பேச்சு ரசத்துக்குப் போய்விடுகிறது. இது ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஹோகவேக்கையே போலி ஊர் என்று திட்டியவர்களும் உண்டு. தினமும் சாயங்காலம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் அப்படித் திட்டுவதை நான் பார்த்ததில்லை.

சாயங்கால நேரம்

பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். அத்தை நாலரை மணிக்கே பையைக் கட்டுவார். "வீட்டுக்குப் போகணும். சங்கு ஊதிட்டாங்களா?" கோயில் சங்கு என்று நினைத்து யூடியூபில் போட்டுக் காட்டினோம், பயனில்லை. அவர் தம்பிதான் போனில் சிரித்தார்: "பொன்மலை ஒர்க்ஷாப் சங்கு கேட்கிறாம்மா." வேலை விடும் சங்கு ஊதினால் ஆட்கள் சைக்கிளில் கிளம்புவார்கள், மாமா வருவதற்குள் டீ கொதிக்க வேண்டும்.

அடுத்து நாங்கள் செய்தது முட்டாள்தனம். சைரன் சத்தம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஒலிக்கவிட்டோம். அத்தை வெலவெலத்துப் போனார். நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் அங்கே விபத்து என்று அர்த்தமாம். நாங்கள் போட்டது ஆறே காலுக்கு.

இப்போது நாலு மணிக்கே விளக்கைப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறோம். நாலே காலுக்கு இஞ்சி தட்டுவது அத்தையின் வேலை, மழுங்கிய சின்ன உலக்கை ஒன்று இருக்கிறது. டீ நான் போடுகிறேன், இரண்டு டம்ளரைத் துடைத்து அவர் வைக்கிறார். என் கணவர் அந்த நேரத்துக்கு ஆபீஸிலிருந்து வர முடிகிற நாளில் சைக்கிள் மணி மாதிரி காலிங் பெல்லை இரண்டு தட்டு தட்டுவார். பை கட்டுவது வாரத்தில் ஒன்றிரண்டு நாளாகக் குறைந்தது.

பழைய காலம் என்றால் எல்லாமும் வரும்

இதை எந்த வழிகாட்டியிலும் நான் படிக்கவில்லை. 1950களைத் திரும்பக் கொண்டுவந்தால் 1950களின் சாதியும் கூடவே வரும். பார்த்துக்கொள்ள வந்த அக்காவை, "நீ கொல்லைப்புறமா வா, பானையைத் தொடாதே" என்றார் அத்தை. நல்ல நாளில் அவர் வாயில் நாங்கள் கேட்டிராத சொல். நோயாளியைத் திட்டிப் பயனில்லை, அரை மணியில் மறந்துவிடுவார். ஆனால் கேட்டவர் மறக்க மாட்டார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம், அந்தக் கட்டம் முடியும்வரை அவரை அத்தையோடு தனியாக விடாமல் நான் கூட இருந்தேன். மூலையிலிருந்து மண்பானையையும் அடுப்புச் சாமான்களையும் எடுத்துவிட்டோம். சமையலறை மாதிரி இருந்த இடத்தில்தான் அந்தச் சண்டை வந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ளலாமா என்று அக்காவே கேட்டார். "நர்ஸம்மா" ஆனதும் அத்தை கையை நீட்டிவிட்டார். அது சரியா என்று எனக்கு இன்னும் உறுத்தல்தான். வேலைக்கு ஆள் வைக்கிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

துக்கமும் வரும். ராமேஸ்வரம் பக்கத்துக்காரருக்கு 1964 தனுஷ்கோடிப் புயல், ஈழத்திலிருந்து வந்தவருக்கு 1983, ஒவ்வொரு வீட்டிலும் பேசாத ஒரு சாவு. அத்தை முகம் சுருங்குவது தொட்டிலைப் பார்த்தால். காரணத்தை அவர் தம்பியும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொருளை எடுத்துவிட்டோம். அழுதால் கொஞ்சம் அழ விடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே பொருளுக்கு இரண்டாம் தடவையும் அழுதால் அது அந்த மூலைக்கு உரியதல்ல.

தொடங்குவது எப்படி, நாளாக நாளாக என்ன ஆகும்

முதல் வாரம் ஒரே ஒரு பொருள். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள். எடுத்தாரா, எவ்வளவு நேரம், அதற்குப் பின் தூக்கம் எப்படி என்று நோட்டில் இரண்டு வரி. பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். ஐந்தாறு பொருளுக்கு மேல் ஒரே சமயத்தில் வைக்காதீர்கள். நல்ல நேரம் பெரும்பாலும் காலை பத்து மணியை ஒட்டி இருக்கும். குளிப்பாட்டிய களைப்பிலோ பசியிலோ முயல வேண்டாம்.

நோய் முற்ற முற்ற அவர் இருக்கும் வருஷம் பின்னால் போகும். முதல் வருஷம் அத்தை பொன்மலையில் இருந்தார். இரண்டாம் வருஷம் லால்குடிக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் சாமான்கள் அந்நியமாகி, பசுமாட்டுக் கழுத்து மணி வேண்டியதாயிற்று. மூலையும் கூடவே நகர வேண்டும்.

உங்களால் முடியாத நாளில் யாரிடமாவது பேசுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா (மறதி நோய்) பிரிவு இருக்கிறது.

இந்த மார்கழியிலிருந்து அத்தைக்கு முறம் பிடிக்கக் கை வரவில்லை. அரிசியை வாயில் போட்டுக்கொள்ள ஆரம்பித்ததும் அதை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது மூலையில் இருப்பது அவருடைய பழைய நூல்புடவை ஒன்றும், வசம்புப் பையும். புடவையின் கரையை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். துவைக்கும்போது மட்டும் அதே நிறத்தில் இன்னொன்றைக் கொடுத்துப் பார்த்தேன், தள்ளிவிட்டார். அதனால் அவர் தூங்கிய பிறகு ராத்திரியில் துவைத்து, ஃபேனுக்கு அடியில் உலர்த்தி, விடிவதற்குள் மடியில் போட்டுவிடுகிறேன்.